பாலம் போட்டாயிற்று, சாவி யாரிடம்?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றியிருக்கும் ஊர்களில் எந்த இளைஞரின் கைபேசியை வாங்கிப் பார்த்தாலும் ஐந்தாறு வாட்ஸ்அப் குழுக்கள் இருக்கும். ஊர்ப் பெயரில் ஒன்று. அதே ஊர்ப் பெயரோடு 'காலனி' சேர்த்து இன்னொன்று. ஒப்பந்தக்காரர் ஷிப்ட் விவரம் போடும் குழு, கபடி அணிக் குழு, பள்ளியில் கூடப் படித்தவர்கள் குழு. 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லது. வாட்ஸ்அப்புக்கு அந்த அரசாணை இன்னும் போய்ச்சேரவில்லை.

ஒரே இரும்பாலையில், ஒரே ஷிப்டில், ஒரே உலைக்கு முன்னால் நான்கு பேர் நிற்கிறார்கள். ஒருவர் ஊர்த்தெருக்காரர், ஒருவர் சேரிக்காரர், ஒருவர் ஒடிசா, ஒருவர் பீகார். வேலையில் ஒருவர் கவனம் பிசகினால் இன்னொருவர் உடம்பு வெந்துபோகும். அவ்வளவு நெருக்கம். வேலை முடிந்து கைபேசியை எடுத்தவுடன் நால்வரும் நான்கு தனி உலகங்களுக்குப் போய்விடுகிறார்கள். பக்கத்து ஷெட்டில் விபத்து நடந்தால் காலனிக் குழுவுக்குத் தெரிவது ஊர்க் குழுவுக்குத் தெரியாது. இந்திக் குழுவுக்கு மறுநாள்தான், அதுவும் வேறு கதையாகப் போய்ச்சேரும்.

சாதி என்பது மனதில் இருக்கும் வெறுப்பு மட்டுமல்ல, தகவல் ஓடும் வாய்க்காலை அடைத்துவைக்கும் ஏற்பாடும்கூட. அம்பேத்கர் 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் இதைத்தான் உயிரியலிலிருந்து ஒரு சொல்லை எடுத்து விளக்கினார்: ஊடுபரவல். ஒரு பகுதியில் நிகழும் மாற்றம் மற்றப் பகுதிகளுக்குக் கசிந்து போவதற்கான வழிகள் நிறைய இருக்கும் சமூகமே அவர் விரும்பிய சமூகம். நம்முடைய ஊர்களில் சவ்வுக்குப் பதிலாகச் சுவர்தான் இருக்கிறது. உவமைக்காகச் சொல்லவில்லை. இதே கும்மிடிப்பூண்டி வட்டத்துத் தோக்கமூரில் நின்ற தீண்டாமைச் சுவரை அதிகாரிகள் வந்து இடித்து அதிக காலம் ஆகவில்லை.

எங்கள் படிப்பு வட்டம் இரண்டு ஆண்டுகளாக ஒரு சொந்த உரையாடல் சர்வரை நடத்திவருகிறது. பி.எஃப்., இ.எஸ்.ஐ., விபத்து இழப்பீடு, நிறுத்திவைத்த சம்பளம் என்று தொழிலாளர்கள் கேட்பவற்றுக்கு வழிகாட்டுவதுதான் அதன் வேலை. மேட்ரிக்ஸ் என்ற திறந்த நெறிமுறை, சினாப்ஸ் என்ற சர்வர் மென்பொருள். இரண்டும் கட்டற்றவை. 2014இல் தொடங்கிய இந்த நெறிமுறையில்தான் பிரான்ஸ் அரசு தன் ஊழியர்களுக்கான 'சாப்' செயலியையும், ஜெர்மன் ராணுவம் தன் உரையாடல் செயலியையும் கட்டியிருக்கின்றன. ராணுவத்துக்கு ஆகும் கருவி உலையடித் தொழிலாளிக்கும் ஆகும்.

சொந்த சர்வர் எதற்கு என்று கேட்கும் தோழர்களுக்குப் பழைய கதை ஒன்று. 1920இல் அம்பேத்கர் 'மூக்நாயக்' தொடங்கியபோது, காசு கொடுத்துக் கேட்டும் திலகரின் 'கேசரி' அதற்கு விளம்பரம் போட மறுத்தது. 'சாதி ஒழிப்பு' நூலே லாகூர் மாநாட்டில் ஆற்ற வேண்டிய தலைமையுரை. எழுத்தைப் படித்துப் பயந்த ஏற்பாட்டாளர்கள் கைவிட்டார்கள். அவர் தன் செலவில் 1500 படிகள் அச்சிட்டார். அதற்கும் முன்பே இங்கே சென்னையில் 1893இல் இரட்டைமலை சீனிவாசனின் 'பறையன்', 1907இல் அயோத்திதாசரின் 'ஒரு பைசாத் தமிழன்'. அடுத்தவன் மேடையில் இடம் கேட்டு நிற்பதில்லை என்று முடிவெடுத்தவர்களின் வரிசை இது. இன்று அந்த மேடை மெட்டா நிறுவனத்துடையது. தனியுரிமைக் கொள்கையை 2021இல் பயனர்கள் மேல் திணித்ததற்காக இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் அந்த நிறுவனத்துக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. கொள்கையை ஏற்காமல் வெளியேறு என்று சொல்லும் வசதி நம் மக்களில் எத்தனை பேருக்கு இருந்தது?

ஆனால் சொந்த அச்சகம் வைத்தால் மட்டும் வாசகர் வந்துவிடுவதில்லை. எங்கள் சர்வரில் முதல் சில மாதங்கள் இருந்தவர்கள் நாங்கள் பதினோரு பேர்தான். எங்களுக்குள் நாங்களே புரட்சி செய்துகொண்டிருந்தோம். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் முடித்து வருபவரிடம் "தோழர், புதிய செயலி ஒன்றை நிறுவுங்கள், மீட்புச் சாவியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்வதே ஒரு வகைத் திமிர். அவருடைய கைபேசியில் இடம் இல்லை, அதற்கான பொறுமையும் அவரிடம் இருக்கத் தேவையில்லை. மக்கள் எங்கே இருக்கிறார்களோ அங்கே போக வேண்டும். அதற்குத்தான் பாலம்.

பாலம் என்பது சர்வரோடு சேர்ந்து ஓடும் ஒரு சிறு நிரல். வாட்ஸ்அப் குழுவில் விழும் செய்தியை மேட்ரிக்ஸ் அறைக்குக் கொண்டுவரும், இங்கே எழுதுவதை அங்கே கொண்டுபோகும். பரவலாகப் பயன்படுவது 'மவுட்ரிக்ஸ்' வகைப் பாலங்கள். கான்ஃபிக் கோப்பில் சர்வரின் முகவரி, தரவுத்தளம், யார் யாருக்கு என்ன அனுமதி என்று எழுத வேண்டும். பாலம் அதிலிருந்து பதிவுக் கோப்பு ஒன்றை உண்டாக்கும். அதில் இரண்டு ரகசிய டோக்கன்கள் இருக்கும். அந்தக் கோப்பு இருக்கும் இடத்தைச் சினாப்ஸின் அமைப்பில் குறிப்பிட்டு, சர்வரை ஒருமுறை நிறுத்தித் தொடங்கினால் இரண்டும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ளும். பிறகு பாலத்தின் பாட்டுக்கு ஒரு செய்தி அனுப்பினால் கியூஆர் கோடு தரும். கணினியில் வாட்ஸ்அப் வெப் திறப்பதுபோலவே அதைக் கைபேசியில் ஸ்கேன் செய்ய வேண்டும். டெலிகிராமுக்கு வேறு பாலம். டி.என்.பி.எஸ்.சி. படிக்கும் நம் பிள்ளைகள் எல்லாரும் டெலிகிராமில் இருப்பதால் அதுவும் வேண்டும். அதற்கு டெலிகிராமிடமிருந்து தனி ஏபிஐ எண்ணும் சாவியும் வாங்க வேண்டும். தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும்.

இதுவரை தொழில்நுட்பம். இதற்கு மேல் இருப்பதை அரசியல் என்றுதான் சொல்வேன். கான்ஃபிக் கோப்பில் ஒரு வரியை இப்படி எழுதுவதா அப்படி எழுதுவதா என்பதில் ஒருவருடைய வேலையும் மானமும் தொங்குகின்றன.

முதலில், யாருடைய எண்ணை வைத்துப் பாலத்தில் நுழைவது? ஒருவர் தன் சொந்த எண்ணால் நுழைந்தால் அந்தக் குழு மட்டும் சர்வருக்கு வராது. அவருடைய மற்ற உரையாடல்களும், மனைவியிடம் பேசுவது, கடன்காரரிடம் கெஞ்சுவது உட்பட, பின்னால் வரிசையாக வந்து நிற்கும். அதனால் பாலத்துக்கென்று தனி சிம், அந்தக் குழுக்களைத் தவிர வேறெதிலும் இல்லாத எண். இதில் சமரசம் கூடாது.

அடுத்தது பெயர். வாட்ஸ்அப் பக்கம் இருக்கும் ஒவ்வொருவருக்கும் பாலம் நம் சர்வரில் ஒரு நிழல் கணக்கை உண்டாக்கும். பல நிறுவல்களில் அந்தக் கணக்கின் அடையாளமே அவருடைய தொலைபேசி எண்தான். பெயரை எப்படிக் காட்டுவது என்று கான்ஃபிக்கில் வார்ப்புரு எழுதலாம். ஆனால் பெயரை அழுத்திப் பார்த்தால் அடியில் எண் நிற்கும். இருபது பேர் இருக்கும் காலனிக் குழுவில் தன் எண் தெரிவதை ஏற்றுக்கொண்ட ஒரு பெண், பாலத்துக்கு அந்தப்பக்கம் இருக்கும் முன்பின் தெரியாத ஐம்பது பேருக்குத் தெரிவதை ஏற்றுக்கொண்டாரா? நம் ஊர்களில் சாதி மீறிய காதல் கொலையில் முடிவதற்கு ஒரு எண்ணும் ஒரு ஸ்க்ரீன்ஷாட்டும் போதும் என்று தெரிந்தவர்கள் இந்தக் கேள்வியைச் சின்ன விஷயமாக ஒதுக்க மாட்டார்கள்.

முகப்புப் படமும் பாலத்தைத் தாண்டி வரும். சாதித் தலைவர் படம், சாதிக் கொடியின் நிறம், சிங்கம், அரிவாள் என்று நம் ஆட்களின் டிபிகளில் என்னவெல்லாம் இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பி.எஃப். பணம் எப்படி எடுப்பது என்று ஒருவர் கேட்கிறார். பதில் சொல்ல வருபவர் முதலில் பார்ப்பது கேள்வியை அல்ல, படத்தை. சாதிப் பெயரைத் துறப்பது என்று 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் முடிவெடுத்த மண்ணில், டிபி வழியாக அது திரும்பி வந்துவிட்டது.

அதனால்தான் நான் 'ரிலே' முறையை ஆதரிக்கிறேன். பாலங்களில் இரண்டு வழி உண்டு. ஒன்று, ஒவ்வொருவரும் தன் வாட்ஸ்அப் கணக்கால் நுழைந்து தன் குரலிலேயே இரு பக்கமும் பேசுவது. மற்றது ரிலே: நம் சர்வரில் இருப்பவர்கள் எழுதுவதையெல்லாம் ஒரே பொது எண் அங்கே கொண்டுபோய்ப் போடும், எழுதியவர் சர்வரில் வைத்துக்கொண்ட பெயரை முன்னால் சேர்த்து. பார்க்க அழகாக இருக்காது. கேலியும் வரும்: "என்ன தோழர், ஒரே ஆளு பத்துப் பேரா பேசுறாரு?" ஆனால் வழிகாட்டும் தோழரின் சொந்த எண்ணும் படமும் தெருவும் அங்கே போவதில்லை. பதில் மட்டும் போகிறது. சில தோழர்கள் இதை ஒளிந்துகொள்வது என்கிறார்கள். அடையாளத்தோடு நிமிர்ந்து பேசுவதுதான் நம் அரசியல் என்கிறார்கள். மேடையில் சரி. இரவு பதினொரு மணிக்குச் சம்பளச் சீட்டைப் படம் எடுத்து அனுப்பும் ஒப்பந்தத் தொழிலாளியிடம் நிமிர்ந்து நில் என்று கட்டளையிடும் உரிமை நிரந்தர வேலையில் இருக்கும் நமக்கு எங்கிருந்து வந்தது?

இனி, பாலம் போடவே கூடாத இடம். வாட்ஸ்அப்பில் முனைக்கு முனை மறையாக்கம் இருக்கிறது, மேட்ரிக்ஸிலும் இருக்கிறது. நடுவில் பாலம் வந்தால் அது ஒரு பக்கத்துப் பூட்டைத் திறந்து, செய்தியை எடுத்து, மறுபக்கம் வேறு பூட்டுப் போட்டு அனுப்புகிறது. திறந்திருக்கும் அந்த ஒரு நொடி நம் சர்வரில் நடக்கிறது. சர்வரை ஆளும் நபர் நினைத்தால் படிக்கலாம். கணினியைக் கைப்பற்றுபவர்களும் படிக்கலாம். இதைக் குழுவில் இருப்பவர்களிடம் சொல்லாமல் பாலம் போடுவது, ஒரு வீட்டுக்கு அவர்களுக்குத் தெரியாமல் இன்னொரு கதவு வைப்பது.

இந்தப் பகுதியில் ஒரு ஆலையின் உணவுக்கூடத்தில் தண்ணீர்க் குவளை விஷயமாக ஒரு இளைஞர் தொழிலாளர் குழுவில் குரல்பதிவு போட்டார். பாலம் எதுவும் இல்லாத வெறும் வாட்ஸ்அப் குழு அது. மறுநாள் காலை அந்தக் குரல் மேற்பார்வையாளரின் கைபேசியில் ஒலித்தது. அந்த வாரமே ஒப்பந்தக்காரர் அவரை வேண்டாம் என்றார். வன்கொடுமை வழக்காகப் போயிருக்க வேண்டியது, ஒரு ஃபார்வர்டில் முடிந்துபோனது. சும்மா இருக்கும் குழுவிலேயே இப்படி என்றால், அதை மூன்று குழுக்களோடு இணைத்தால்?

ஆகவே என் நிலைப்பாடு: தகவல் அறைகளுக்குப் பாலம் வேண்டும், புகார் அறைக்குக் கூடாது. சட்ட விளக்கம், முகாம் அறிவிப்பு, விபத்துச் செய்தி, ரத்தம் தேவை எல்லாம் எல்லாப் பக்கமும் ஓடட்டும். சாதிக் கொடுமை, பாலியல் தொல்லை, ஒப்பந்தக்காரரின் மிரட்டல் ஆகியவை நேரில், அல்லது பாலமில்லாத மறையாக்கப்பட்ட தனி அறையில். புகார் சொல்ல வருபவருக்காக மட்டும் அந்த ஒரு செயலியை நிறுவிக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும். நேரம் பிடிக்கும் வேலைதான். இன்னொன்றும் இருக்கிறது: வாட்ஸ்அப்பில் ஒருவர் 'அனைவருக்கும் அழி' என்று அழுத்தினால் பாலம் அதை நம் பக்கமும் அழிக்கச் சொல்லும். ஆனால் சினாப்ஸ் அப்படி நீக்கியதன் மூலத்தை இயல்பாகவே 7 நாட்கள் வைத்திருக்கும். படங்களும் குரல்பதிவுகளும் தனிக் கிடங்கில் இருப்பவை, தானாகப் போகா. அமைப்பில் மாற்றினால்தான் உண்டு. அழித்துவிட்டோம் என்று ஒருவர் நிம்மதியாகத் தூங்க, அவருடைய குரல் நம் வட்டில் கிடக்கும்.

இவ்வளவு ஆபத்து என்றால் பாலமே எதற்கு என்று கேட்கலாம். 2021 டிசம்பரை நினைத்துப் பாருங்கள். பூந்தமல்லி அருகே ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கிய விடுதியில் உணவு கெட்டு 150க்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். உடன் தங்கியவர்கள் என்ன ஆனார்கள் என்று யாரும் சொல்லவில்லை. இறந்துவிட்டார்கள் என்ற செய்தி கைபேசி கைபேசியாகப் பரவியது. ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். யாரும் இறக்கவில்லை. வதந்தி என்று சொல்லிச் சிலரைக் கைது செய்தார்கள். தகவலை அடைத்து வைத்தவர்கள்மேல் எந்த வழக்கும் இல்லை.

2023 மார்ச் இன்னும் மோசம். தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று வேறெங்கோ எடுத்த வீடியோக்கள் பரவின. பீகார் சட்டமன்றம் வரை கொந்தளித்தது, அங்கிருந்து அதிகாரிகள் குழு வந்தது, காவல்துறை இந்தியில் விளக்கம் வெளியிட்டது. அதற்குள் மூட்டை கட்டிக்கொண்டு ரயிலேறியவர்கள் ஏறிவிட்டார்கள். தமிழ்க் குழுவில் "இது பொய்" என்று நூறு பேர் எழுதியிருப்பார்கள். அது இந்திக் குழுவுக்குப் போகவில்லை. போவதற்கு வழியே இல்லை. அங்கே இருப்பவர்களிலும் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட, பிற்படுத்தப்பட்ட சாதிகளைச் சேர்ந்த நிலமற்றவர்கள்தான். நாம் அவர்களை 'வடக்கன்' என்கிறோம். அவர்களுடைய ஊரில் அவர்களுக்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள், அது நமக்கு வைக்கப்பட்ட பெயரைப் போன்றதுதான்.

தேர்வாய்க் கண்டிகையும் இங்கேதான் இருக்கிறது. தலித் மக்கள் பெரும்பான்மையாக வாழும் அந்த ஊரின் மேய்ச்சல் நிலத்தைச் சிப்காட்டுக்கு எடுத்ததை எதிர்த்து மக்கள் போராடினார்கள். 2012இல் பிரெஞ்சு அமைப்புகளோடு சேர்ந்து, மிச்சலின் நிறுவனத்துக்கு எதிராகப் பிரான்சில் இருக்கும் ஓ.இ.சி.டி. தொடர்பு மையம் வரை புகாரைக் கொண்டுபோனார்கள். அந்தக் குரல் பாரீஸ் வரை போனது. பக்கத்து ஊர்த்தெருவுக்கு எவ்வளவு போனது?

இப்போது சாவி. சர்வரின் 'ரூட்' கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்பதே கடைசியில் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். பெரும்பாலான இயக்கங்களில் அது பொறியியல் படித்த ஒரு ஆண் தோழரிடம் இருக்கும்; அவருக்கு எல்லாம் தெரியும், மற்றவர்களுக்கு அவரைத் தெரியும். குழுவில் ஒரு தலித் பெண் தோழருக்கு 'அட்மின்' பட்டம் கொடுத்திருப்பார்கள், பிரதிநிதித்துவம் ஆயிற்று என்று. எனக்கு ஆத்துப்பாக்கம்தான் நினைவுக்கு வரும். அந்த ஊராட்சித் தலைவர் அமிர்தம் தேர்தலில் வென்ற தலித் பெண். 2020 ஆகஸ்ட் 15 அன்று அவரைக் கொடியேற்ற விடவில்லை. செய்தி வெளியே வந்த பிறகு, சில நாட்கள் கழித்து மாவட்ட ஆட்சியர் நேரில் வந்து அவரைக் கொடியேற்ற வைத்தார். பதவி ஒருவரிடம், கயிறு இன்னொருவரிடம் என்பதை நாம் ஊராட்சியில் கண்டால் கொதிக்கிறோம். சர்வரில் அதையே 'டெக்னிக்கல் டீம்' என்கிறோம்.

எங்கள் வட்டத்தில் இதற்கு ஒரு ஏற்பாடு உண்டு. சர்வருக்குள் மூன்று பேர் நுழையலாம். மூவரும் வேறு வேறு தெருக்காரர்கள், இருவர் பெண்கள். யார் எப்போது நுழைந்தார், என்ன மாற்றினார் என்ற பதிவை மாதம் ஒருமுறை கூட்டத்தில் உரக்கப் படிப்போம். கட்டளைகளைத் தமிழில் எழுதிய ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. பத்தாம் வகுப்போடு நின்று பம்ப் ஆலையில் வேலை பார்க்கும் தோழர் ஒருவர் அந்த நோட்டை வைத்துக்கொண்டு பாலத்தைப் புதிய பதிப்புக்கு ஏற்றினார். எனக்கு ஆன நேரத்தைவிட அவருக்குக் குறைவாகத்தான் ஆனது.

எதிர்ப்பக்கமும் சொல்ல வேண்டும். இந்த வகைப் பாலத்தை வாட்ஸ்அப் அங்கீகரிக்கவில்லை, எண்ணை முடக்கலாம். ஐரோப்பாவில் டிஜிட்டல் சந்தைச் சட்டத்தின்படி மெட்டாவை 2023 செப்டம்பரில் 'வாயிற்காவலர்' என்று அறிவித்து, மற்ற செயலிகளோடு பேசுவதற்குக் கதவைத் திறக்கச் சட்டம் போட்டிருக்கிறார்கள். வாயிலில் நின்று யார் நுழையலாம் என்று சொல்பவரைப் பற்றி நமக்கு ஐரோப்பா பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் இங்கே அப்படி ஒரு சட்டம் இல்லை, அதைக் கேட்டு எந்தக் கட்சியும் கூட்டம் போட்டதாகவும் நான் பார்க்கவில்லை. 2023 மே மாதம் ஒன்றிய அரசு, ஜம்மு காஷ்மீரைக் காரணம் காட்டி 14 செயலிகளை முடக்கியது. அதில் மேட்ரிக்ஸின் முதன்மைச் செயலியான எலிமென்ட்டும் ஒன்று. நெறிமுறை திறந்தது என்பதால் வேறு செயலியில் அதே சர்வருக்குள் வரலாம். நாளை அதையும் முடக்கினால் உலாவி இருக்கிறது. இந்தத் திறந்த தன்மைக்காகவே, இத்தனை தொல்லைக்கும் பிறகு, நான் இதைப் பரிந்துரைக்கிறேன்.

தொடங்க நினைக்கும் தோழர்களுக்கு ஒரு சின்ன விஷயம். பாலத்துக்கான சிம் இருக்கும் கைபேசியை 14 நாட்களுக்கு மேல் திறக்காமல் வைத்தால் வாட்ஸ்அப் இணைத்த சாதனங்களை வெளியேற்றிவிடும். பாலம் சத்தமில்லாமல் அறுந்துபோகும். எங்களிடம் அந்தப் பழைய பட்டன் உடைந்த கைபேசி வாரம் ஒருவர் வீட்டில் இருக்கிறது. வாங்கிக்கொள்பவர் ஞாயிறு காலை திறந்து பார்த்து, ரீசார்ஜ் இருக்கிறதா என்று சரிபார்த்து, அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். இந்த வாரம் அது ஊர்த்தெருவில் ஒரு தோழர் வீட்டுக்குப் போகிறது. கொடுத்துவரக் காலனியிலிருந்து ஒருவர் அந்த வீட்டின் முன்வாசல் வழியாக உள்ளே போக வேண்டும். அந்த வீட்டுப் பெரியவரிடம் தோழர் பேசிவிட்டாராம்.